சத்தத்துக்கு வீடு பார்த்த கதை

தூத்துக்குடியில் நங்கூரத் தெரு என்று ஒரு தெரு உண்டு, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சொல்கிறவர்கள் காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் போனவர்கள், அவர்களை விட்டுத்தள்ளுங்கள். அந்தத் தெருவில் மிக்கேலம்மா வீட்டு மாடியில் குடியிருந்த ஜெசிந்தாவின் கிளாரினெட் சத்தம், கரண்ட் போய்ப் புழுக்கம் தாங்காமல் அவள் ஜன்னலைத் திறந்து வைத்த ஒரு காலை நேரத்தில், ஜன்னலைத் தாண்டி, மாடிப்படி இறங்கி, முறுக்குக் கடை முன்னால் கொஞ்சம் நின்று, தெருமுனை திரும்பிப் போய்விட்டது. வாசித்தவள் வாசித்து முடித்து, வாத்தியத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடி, இறால் கம்பெனி வேனுக்கு நேரமாகிறது என்று தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள், சத்தம் மட்டும் அடங்காமல் எங்கேயோ ரயில்வே கேட் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஏட்டி ஜெசிந்தா, ஒன் சத்தம் ஊரச் சுத்தப் போயிருக்கு, பாத்துக்கோ" என்று கீழேயிருந்து மிக்கேலம்மா குரல் கொடுத்தாள். அவள் தையல் கடை வைத்திருப்பவள், தெருவில் எந்த வீட்டில் பால் பொங்கினாலும் அவளுக்குத் தெரியும்.

"வந்துரும்க்கா" என்றாள் ஜெசிந்தா, வாயில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டே.

வராமல் எங்கே போகும். ஆனால் அவள் மனசு அன்றைக்கு முழுக்க இறால் தோலோடு சேர்ந்து உரிந்துகொண்டிருந்தது, ஏனென்றால் அந்தச் சத்தத்தை அவள் இதுவரை வீட்டைவிட்டுத் தனியாக வெளியே அனுப்பியதே இல்லை. கான்வென்டில் படிக்கும்போது பேண்டில் சேர்த்துக் கையில் கொடுத்த கிளாரினெட், பேண்டைக் கலைத்தபோது சிஸ்டர் அவளிடமே விட்டுவிட்டுப் போனார், அன்றிலிருந்து கதவை அடைத்து, ஜன்னலை அடைத்து, தனக்குத்தானே வாசிக்கிறாள். தனியாக வாசிப்பது என்பது தனியாகப் பல்லாங்குழி ஆடுவது மாதிரி, ஜெயித்தாலும் சந்தோஷம் கிடையாது. கூட ஒருத்தர் தாளம் போட வேண்டும், இன்னொருத்தர் குறுக்கே வந்து மடக்க வேண்டும், இவள் திமிறி மேலே போக வேண்டும், அதுதானே வாசிப்பு. அதற்கு ஆளுக்கு எங்கே போவது? போனில் ஒரு குழுவில் சேர்ந்து 'கிளாரினெட் வாசிக்கிறேன், சேர்ந்து வாசிக்க ஆட்கள் வேண்டும்' என்று போட்டுப் பார்த்தாள், பதில் மளமளவென்று வந்தது, ஒருத்தன் போட்டோ அனுப்பு என்றான், ஒருத்தன் கல்யாணம் ஆகிவிட்டதா என்றான், ஒருத்தன் எதுவுமே கேட்காமல் தினமும் ரோஜாப்பூவோடு குட்மார்னிங் அனுப்பினான், என்ன வாசிப்பாய் என்று மட்டும் எந்த மகராசனும் கேட்கவில்லை.

அதற்கும் முன்னால் ஒன்று நடந்திருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மேடைக் கச்சேரி நடத்துகிற கீபோர்டு சீலன் மாஸ்டர் ஒத்திகைக்குக் கூப்பிட்டார், போனாள், ஒரு மத்தியானம் முழுக்க வாசித்தார்கள், சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு மத்தியானம் அவள் பிறந்ததிலிருந்து வாய்த்ததில்லை. மற்றவர்கள் டீ குடிக்கப் போனதும் மாஸ்டரின் கை கீபோர்டை விட்டு இவள் தோளுக்கு வந்தது, தட்டிவிட்டாள், மறுபடியும் வந்தது, கிளாரினெட்டை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செருப்பைக்கூடப் போடாமல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடிவந்தாள். தெருவில் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், 'இதுக்குத்தான் தலப்பாடா அடிச்சுக்கிட்டோம்' என்று சொல்லிக் கிளாரினெட் பெட்டியைப் பரணில் தூக்கிப் போட்டுவிடுவார்கள், அன்போடுதான் போடுவார்கள், அழுதுகொண்டே போடுவார்கள், ஆனால் போட்டுவிடுவார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டாள். ஆள் வேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம், ஆளைக் கண்டால் பயம் ஒரு பக்கம், இப்படியே இருந்தால் ஒருநாள் தானே அந்தப் பெட்டியைப் பரணில் போட்டுவிடுவோம் என்பதுதான் அவளுடைய பெரிய பயமாக இருந்தது.

சாயங்காலம் சத்தம் திரும்பி வந்தது. தனியாக வரவில்லை, கூட ஒரு தபேலாச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. இரண்டும் மிக்கேலம்மா வீட்டு வாசலில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு, காயப்போட்டிருந்த துணிக்குள் புகுந்து புறப்பட்டு, காலையில் வந்து இன்னும் போகாமல் நின்ற மீன்காரரின் கூடையில் ஏறி இறங்கி விளையாடின.

தெரு அதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. சத்தம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் காலடியில் வெதுவெதுப்பாக வந்து ஒட்டும், யாரும் மிதித்துவிடாமல் இருக்கத் தெருவில் எல்லோரும் காலைக் கொஞ்சம் தூக்கி வைத்து நடந்தார்கள், பார்க்கிறவர்களுக்கு ஊரே சப்பரத்துக்குப் பின்னால் போவது போலிருக்கும். எதிர்வீட்டுப் பேச்சித்தாயின் இடியாப்பக் கொப்பரைக்குள் இரண்டு சத்தமும் ஒரு நாள் புகுந்து தூங்கிவிட, அந்த இடியாப்பத்தைச் சாப்பிட்ட ஆட்களெல்லாம் மத்தியானம் வரை ஆபீசில், பேங்கில், உப்பளத்தில் உட்கார்ந்து முனகிக்கொண்டே இருந்தார்கள், மறுநாளிலிருந்து பேச்சித்தாய்க்கு இடியாப்பம் போட்டு முடியவில்லை. மாதா கோயில் சாமியாரிடம் கேட்டார்கள், பூசை நேரத்தில் தொந்தரவு பண்ணாவிட்டால் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். சந்தனமாரி கோயில் பூசாரியிடம் கேட்டார்கள், வெள்ளிக்கிழமை அம்மனுக்கு முன்னால் வந்து நின்றால் விசேஷம் என்றார். கவுன்சிலரிடம் கேட்டார்கள், தெருநாய்தான் என் பொறுப்பு, சத்தம் இல்லை என்று சொல்லிவிட்டார். உப்புக்காற்று அடிக்கிற நாளில் சத்தங்களுக்குத் தொண்டை கட்டியது, அன்றைக்கெல்லாம் மிக்கேலம்மா சட்டியில் வெந்நீர் வைத்து ஆவி காட்டினாள்.

"இந்தத் தபேலா மேல மக்ரூன் வாசம் அடிக்கி" என்று ஒருநாள் மூக்கை உறிஞ்சினாள் மிக்கேலம்மா. "முந்திரிப் பருப்பும் சீனியும். பேக்கரியில வேல பாக்குத கையிதான். யாரு எவம்னு தேடிருவமா?"

ஜெசிந்தாவுக்குச் சந்தோஷம் வந்தது, பின்னாலேயே பயமும் வந்தது. "ஒத்தையில எப்படிக்கா போறது, தெரியாத வீட்டுக்கு?"

"ஒத்தையில ஒன்ன யாரு போகச் சொன்னா? வயசுப்பிள்ளைய ஒரு வீட்டுக்கு அனுப்புததுன்னா வீடு பாக்காமலா அனுப்புவோம்?"

பெண்ணைக் கொடுப்பதற்கு முன்னால் பெண் வீட்டார் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பது இந்தப் பக்கத்தில் வழக்கம், வீடு பார்ப்பது என்றால் சுவரைப் பார்ப்பது இல்லை. அடுப்படி எப்படி இருக்கிறது, அந்த வீட்டுப் பெண்கள் நிமிர்ந்து பேசுகிறார்களா குனிந்து பேசுகிறார்களா, நாய் வீட்டு ஆளைக் கண்டால் வாலை ஆட்டுகிறதா ஒடுங்குகிறதா என்று பார்ப்பது, அதற்குள் ஒருத்தி பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்கிற சாக்கில் போய் எல்லாவற்றையும் விசாரித்துவிடுவாள், மனசுக்குப் பிடிக்கிற வரைக்கும் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள், ஒரு வாய் காப்பிகூடக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நங்கூரத் தெருப் பெண்கள் பட்டுச்சேலை கட்டி, தலை கொள்ளாமல் பூ வைத்து, வெறுங்கையோடு போவது முறையில்லை என்று தட்டில் பழம் வெற்றிலை எல்லாம் வைத்து, ஒரு வேன் பிடித்து, தபேலாச் சத்தத்தை முன்னால் விட்டு அது போகிற வழியே போனார்கள்.

அது போய் நின்ற வீட்டில் சுடலைமணி என்று ஒருவன் இருந்தான், ஆள் பீரோ மாதிரி, முழங்கை வரை மாவு. அவன் அம்மா ஆவுடையம்மாள் வாசலில் தட்டும் பூவுமாக இத்தனை பெண்களைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடி, திரும்பி வரும்போது பாய், நாற்காலி, கேசரி, வாழைக்காய் பஜ்ஜி எல்லாவற்றோடும் வந்தாள். பெண்கள் பார்க்க வேண்டியதைப் பார்த்தார்கள். பேச்சித்தாய் பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்டுவிட்டு வந்து மிக்கேலம்மாவின் காதில், "கோவம் வந்தா தபேலாவ அடிப்பானாம், வேற ஒருத்தரையும் அடிச்சதில்லையாம்" என்றாள். மிக்கேலம்மா ஜெசிந்தாவைப் பார்த்தாள், ஜெசிந்தா மூலையில் இருந்த தபேலாவைப் பார்த்தாள், மேலே போட்டிருந்த துணி துவைத்து இஸ்திரி போட்டதாக இருந்தது, தலையை ஆட்டினாள். எல்லோரும் கேசரியை எடுத்து வாயில் போட்டார்கள்.

"கை நனைச்சுட்டாவ!" என்று ஆவுடையம்மாள் ஓவென்று அழுதுவிட்டாள். "ஏல மணி, சவத்துப்பயலே, என்ன முழிக்க, எல்லார் கால்லயும் விழுல! சந்தனமாரி கண்ணத் தொறந்துட்டா!"

அப்போதுதான் இவர்களுக்கே உறைத்தது. பட்டுச்சேலை, தட்டு, பூ, கேசரி, அடேயப்பா, ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்ல ஒருத்திக்கும் தோன்றவில்லை, எல்லாப் புத்தியையும் வீடு பார்ப்பதிலேயே செலவழித்துவிட்டார்கள். மிக்கேலம்மா இருமி, தண்ணீர் குடித்து, மெதுவாகச் சொன்னாள். "அது வந்து மதினி, கல்யாணத்துக்கு இல்ல. சேந்து வாசிக்கதுக்கு."

"என்னத்த வாசிக்கதுக்கு?"

"இந்தப் பிள்ள கிளாரினெட் ஊதும். ஒங்க மவன் தபேலா. சேந்து வாசிக்கதுக்கு நல்ல மனுசன்தானான்னு பாக்க வந்தோம்."

"வாசிக்கதுக்கா இவ்வளவு பூ வச்சிக்கிட்டு வந்திய? அப்பம் எங் கேசரியத் திருப்பித் தாங்க" என்றாள் ஆவுடையம்மாள். வீடே சிரித்தது, அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சுடலைமணி மட்டும் சிரிக்கவில்லை, காது வரைக்கும் சிவந்துபோய் நின்றவன் அம்மாவிடம் சொன்னான்: "பொண்ணு பெறகு பாத்துக்கிடலாம்மா. கூட வாசிக்க ஒரு ஆளு கிடைக்காதான்னு நான் எத்தன வருசமா கெடந்து தவிக்கேன்."

ஜெசிந்தாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இப்படித் தவிக்கிற இன்னொரு ஆள் இதே ஊரில் ரொட்டி சுட்டுக்கொண்டு இருந்திருக்கிறது.

பிறகு அவளுடைய சத்தம் மருதாணி வாசத்தோடு ஒரு மேண்டலின் சத்தத்தைக் கூட்டி வந்தது, அது டியூஷன் எடுக்கிற மைமூனுடையது; இந்த முறை மிக்கேலம்மா உஷாராக வாசலிலேயே "கல்யாணத்துக்கு இல்ல, கல்யாணத்துக்கு இல்ல" என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தாள். மைமூனின் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நாங்களும் உங்க வீட்டப் பாக்கணும்ல" என்றார், நியாயம்தானே, அடுத்த ஞாயிறு அவர்கள் வீட்டுப் பெண்கள் ஒரு வேன் நிறைய வந்து ஜெசிந்தாவின் அடுப்படியைப் பார்த்து, பேச்சித்தாய் வீட்டில் தண்ணீர் கேட்டு, திருப்தியாகி இடியாப்பம் சாப்பிட்டுப் போனார்கள். மூன்று பேரும் மாடியில் வாசிக்க ஆரம்பித்தார்கள். கீழே தையல் மிஷின் தாளத்துக்கு ஓடியது, அந்த மாதம் தைத்த ஜாக்கெட்டைப் போட்டவர்களெல்லாம் கையைக் கொஞ்சம் வீசியே நடந்தார்கள்.

இந்த நல்ல காலத்தில்தான் ஒருநாள் ஜெசிந்தா வேனிலிருந்து இறங்கித் தெருமுனை திரும்பும்போது ஒரு கீபோர்டுச் சத்தம் கேட்டது. அவள் கால் நின்றுவிட்டது. அவளுக்குத் தெரியாதா, அந்த மத்தியானம் முழுக்க அவள் தோளோடு தோளாக நடந்த சத்தம், மழைக்கு முந்தைய காற்று மாதிரி குளிர்ச்சியான சத்தம். அவளுடைய சத்தம் போய்க் கூட்டி வந்திருக்கிறது. சத்தத்துக்கு என்ன தெரியும், நன்றாக வாசிக்கிற இடம் எதுவோ அங்கே போகும், நல்ல ஆளா கெட்ட ஆளா என்று அதற்குப் பார்க்கத் தெரியாது.

தெருவே மயங்கிக் கிடந்தது. மீன்காரர் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கண்ணை மூடி நின்றார். பெண்கள் அதற்குள் பட்டுச்சேலை கட்டித் தட்டோடு தயாராக இருந்தார்கள், பேச்சித்தாய் பூவைக் கிள்ளிக் கிள்ளி ஆளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "வாட்டி, மொகத்தக் கழுவு, இதுதாம்ட்டி மகுடம், இந்தச் சத்தம் மட்டும் ஒங்க கூடச் சேந்துச்சின்னா ஊரே இங்க வந்து நிக்கும்" என்றாள் மிக்கேலம்மா.

ஜெசிந்தா படியில் உட்கார்ந்தாள். சொல்லாவிட்டால் அந்த ஆள் இந்த மாடிக்கு ஏறி வருவார், சொன்னால் பெட்டி பரணுக்கு ஏறிவிடும். கீபோர்டுச் சத்தம் வந்து நாய்க்குட்டி மாதிரி அவள் மடியில் தலையை வைத்தது, அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது.

"இந்த வீட்ட நான் ஏற்கெனவே பாத்துட்டேங்க்கா" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், கை வந்ததை, தட்டிவிட்டதை, மறுபடியும் வந்ததை, வெறுங்காலோடு ஓடிவந்ததை. சொல்லச் சொல்ல மிக்கேலம்மாவின் கையிலிருந்த தட்டு தாழ்ந்துகொண்டே வந்து தரையைத் தொட்டது.

"இத்தன நாளு ஏம்ட்டி சொல்லல?"

"சொன்னா பெட்டியத் தூக்கிப் பரண்ல போட்டுருவிய."

மிக்கேலம்மா மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "போட்டுத்தான் இருப்போம். நான்தான் மொத ஆளா ஏணி போட்டிருப்பேன். இப்பம் போட மாட்டோம். நீ வாசிக்கதக் கேட்டுட்டோம்லா." பிறகு எழுந்து சேலையை உதறிச் செருகினாள். "சேல கட்டுனது கட்டியாச்சு. எல்லாரும் வேன்ல ஏறுங்க. முறப்படி வீடு பாத்துட்டு வந்துருவோம். ஜெசிந்தா, நீ வரணும்னா வா, வேண்டாம்னா இங்க இரி."

"வாரேன்" என்றாள் ஜெசிந்தா.

சீலன் மாஸ்டர் வாசலில் நின்று வாயெல்லாம் பல்லாக வரவேற்றார், ஜெசிந்தாவைப் பார்த்ததும் பல்லில் பாதி உள்ளே போய்விட்டது. பெண்கள் வரிசையாக மாடி ஏறி அந்த ஒத்திகை அறையின் நான்கு சுவரையும் அடைத்து உட்கார்ந்தார்கள். கலர் சோடா வந்தது, யாரும் தொடவில்லை. பிஸ்கட் வந்தது, யாரும் தொடவில்லை. அவர் ஏதேதோ பேசினார், ஒருத்தியும் வாய் திறக்கவில்லை, அவர் பேச்சு அவருக்கே எதிரொலித்துக் கடைசியில் நின்றுபோனது. பேச்சித்தாய் பக்கத்து வீட்டிலிருந்து திரும்பி வந்து, இந்த முறை காதில் சொல்லவில்லை, சத்தமாகவே சொன்னாள்: "பாட்டுப் படிக்க மாடிக்குப் போன பிள்ளையளு கண்ணத் தொடச்சிக்கிட்டு எறங்குதத பக்கத்து வீட்டுக்காரி நெறைய நாளு பாத்திருக்காளாம்."

மிக்கேலம்மா கீழே இறங்கித் தெரு நடுவில் நின்றாள், அந்தத் தெருக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். "வீடு பாத்தாச்சு" என்று உரக்கச் சொன்னாள். "கை நனைக்கல. இந்த வீடு எங்க பிள்ளைக்கு வேண்டாம். எந்தத் தெருப் பிள்ளைக்கும் வேண்டாம்னு போற எடமெல்லாம் சொல்லுவோம்." கொண்டுபோன பழத்தட்டை எடுத்துக்கொண்டு வேனில் ஏறினார்கள், திரும்பி வருகிற வழியில் அந்த வாழைப்பழத்தை அவர்களே உரித்துத் தின்றார்கள், ஜெசிந்தாவுக்கு இரண்டு கொடுத்தார்கள்.

கீபோர்டுச் சத்தத்தைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. போ என்றார்கள், போகவில்லை. விளக்குமாற்றை ஓங்கினார்கள், பேச்சித்தாயின் கொப்பரைக்குப் பின்னால் போய் ஒடுங்கி நின்றது. "பாவம், அது என்ன பண்ணுச்சு" என்று மைமூன்தான் முதலில் சொன்னாள். பிறகு தெரு மனசு இளகிவிட்டது, ஆவி காட்டுகிற நாளில் அதற்கும் சேர்த்துக் காட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் மாடியில் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும்போது சீலன் மாஸ்டர் தெருவில் வந்து நின்றார். முகம் வாடியிருந்தது. கீபோர்டை எப்படி அழுத்தினாலும் கட்டை தட்டுகிற ஓசைதான் வருகிறதாம், கச்சேரியெல்லாம் கைவிட்டுப் போகிறதாம். "என் சத்தத்த விட்டுரு" என்று மேலே பார்த்துச் சொன்னார்.

சுடலைமணி எழுந்தான். ஜெசிந்தா அவனைக் கையமர்த்திவிட்டுத் தானே படியிறங்கிப் போனாள். தெருப் பெண்கள் ஆளாளுக்கு வாசலுக்கு வந்துவிட்டார்கள், மிக்கேலம்மா கத்தரிக்கோலைக் கீழே வைக்க மறந்தே வந்திருந்தாள்.

"நான் பிடிச்சி வைக்கல" என்றாள் ஜெசிந்தா. "இங்க யாரையும் பிடிச்சி வைக்கதில்ல. கூப்பிட்டுப் பாரும்."

அவர் கூப்பிட்டார். சீட்டி அடித்தார், விரலைச் சொடுக்கினார். கீபோர்டுச் சத்தம் கொப்பரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, தெரு நடுவில் கொஞ்ச நேரம் நின்று, அவர் பக்கம் ஒரு அடி வைத்து, பிறகு திரும்பி விறுவிறுவென்று மாடிப்படி ஏறிவிட்டது.

"நீயும் அன்னைக்கு ரசிச்சுத்தான வாசிச்ச" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு. "இல்லன்னு சொல்லு பாப்போம்."

இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் அவள் இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தாள், ஒவ்வொரு நாள் படுக்கும்போதும் தனக்குத்தானே கேட்டுக் குறுகிப்போன கேள்வி. இப்போது தெரு வெளிச்சத்தில் அதை வேறொருவர் வாயிலிருந்து கேட்டபோது அதில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது.

"ஆமா, ரசிச்சுத்தான் வாசிச்சேன்" என்றாள். "வாசிக்கத்தான வந்தேன்."

அவ்வளவுதான். அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், பாவம், வெறும் காற்றுதான் வந்தது. திரும்பி நடந்தார், பழக்கம் இல்லாததால் காலைத் தூக்கி வைக்கத் தெரியாமல், தெருவில் படுத்திருந்த நேற்றைய ஒத்திகைச் சத்தங்களில் தடுக்கித் தடுக்கிப் போனார், ஒவ்வொரு தடுக்கலுக்கும் பாம் பாம் என்று ஒரு சத்தம் எழுந்தது, மீன்காரர்தான் முதலில் சிரித்தார்.

ஜெசிந்தா படியேறி வந்து கிளாரினெட்டை எடுத்து வாயில் வைத்தாள். மைமூன் மீட்டினாள், சுடலைமணி மூன்று தட்டுத் தட்டி இவளைப் பார்த்தான், கீபோர்டுச் சத்தம் ஜன்னல் கட்டையில் ஏறி உட்கார்ந்து காத்திருந்தது. இவள் ஊத வேண்டிய இடம் வந்தது, ஊதவில்லை. மறுபடியும் முதலிலிருந்து தட்டினான், இடம் வந்தது, அப்போதும் ஊதவில்லை.

"என்ன ஆச்சு ஜெசிந்தா?" என்றாள் மைமூன் பதறிப்போய்.

"ஒண்ணுமில்லக்கா" என்றாள் ஜெசிந்தா, கண்ணில் தண்ணீர் வழிய, தோள் குலுங்க. "சிரிப்பு வருது. சிரிச்சிக்கிட்டே இத ஊத முடியாது. செத்த நேரம் இருங்க, சிரிச்சி முடிச்சிட்டு வாரேன்."

இருந்தார்கள்.